மீட்டர் பெட்டிக்கும் 'ஆகட்டுங்க'

சிங்காநல்லூரில் என் கணவர் வீட்டு ரிப்பேர் வேலைகள் செய்கிறார். குழாய், கதவு, ஸ்விட்ச் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். போனை எடுப்பது நான். கூப்பிடுகிறவர்களிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாயே வராது.

பக்கத்துத் தெரு அக்கா ஒருநாள் கூப்பிட்டு, "கண்ணு, மீட்டர் பெட்டியக் கொஞ்சம் தள்ளி வெக்கோணும்" என்றார். "ஆகட்டுங்க்கா" என்று இவரை அனுப்பிவிட்டு, ஸ்க்ரூ வாங்க எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன்.

பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும் கடைக்காரர் பதறிவிட்டார். "அம்மணி, வயரிங் பண்றதுக்கே லைசென்ஸ் வேணுமுங்க. மீட்டர் சீல் கம்பிய ஈ.பி. ஆளுங்கதான் தொடோணும். பிரிச்சா கேஸ் ஆயிப்போகும். மெயினை ஆப் பண்ணுனாலும் அங்க கரண்ட் இருக்குமுங்க!"

இவரிடம் எந்த லைசென்சும் இல்லை. போன் அடித்தேன்; எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே ஓடினேன். அக்கா வீட்டு வாசலில் நின்ற வண்டியின் சீட்டுக்கடியில் போன் அலறிக்கொண்டிருந்தது.

உள்ளே ஏணிமேல் நின்று, சீல் கம்பியில் கட்டரை வைத்திருந்தார்.

"ஏனுங்க, எறங்குங்க!"

"மெயினை ஆப் பண்ணிப்போட்டேன். எதுக்கு இப்படிக் கத்தறே?"

"மீட்டருக்கு மேல டெஸ்டரை வெச்சுப் பாருங்க."

மீட்டருக்கு மேலிருந்த பியூஸ் கட்டையில் வைத்தார். டெஸ்டரில் விளக்கு எரிந்தது. கட்டரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

இப்போதெல்லாம், என்ன வேலை என்று கேட்காமல் யாருக்கும் ஆகட்டும் சொல்வதில்லை. கரண்ட் வேலை என்றால் லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடச் சொல்கிறேன்; மீட்டர் என்றால் மின்வாரியத்தில் மனு கொடுக்கச் சொல்கிறேன். வேலையைப் பாதியில் விட்டுவிட்டோம் என்று அந்த அக்கா என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை, பேசுவதற்கு எனக்கு இவர் இருக்கிறார்.