உவர்த்த கிணற்றுக்கு மன்னிப்புக் கேட்டவர்

இளவரசி கார் விபத்தில் இறந்து, லண்டன் பூக்கடைகளில் பூவே மிஞ்சாத கிழமையில்தான் கந்தையா அண்ணை போன செய்தி வந்தது. கோலியர்ஸ் வுட்டில் அவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். ஊர்ச் சங்கத்தாரே, வெட்கம் பொறுக்காமல்தான் சொல்கிறேன்.

ஆர்ச்வே முருகன் கோயிலில் பூசை முடிந்ததும் அண்ணை ஊரவர்களை மறிப்பார்.

“உங்கட வளவுக் கிணறு பங்குனியிலயும் ஊறுமோ? ஊத்துக்கண் எந்தப் பக்கம்?”

கேட்டதையெல்லாம் கசெட்டில் பதிந்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். “கிணத்தடியார் வாறார், ஓடுங்கோ” என்று சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டே நழுவுவோம்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிந்தி, பொதுக் கிணற்றுக்கு மோட்டர் வாங்கி அனுப்பச் சங்கம் தீர்மானித்தது. அண்ணை எழும்பினார். “எங்கட கிணறுகளில மேல நல்ல தண்ணி, கீழ உவர். துலா மிதிச்சுக் கொஞ்சமா இறைச்சு, ஊற விட்டு, பிறகுதான் திரும்ப இறைக்கவேணும். மோட்டர் உவரை இழுத்துப்போடும்.”

“நீங்கள் இஞ்ச குழாயைத் திருகுவியள், ஊர்ச்சனம் மட்டும் துலா மிதிக்கவேணுமோ?” என்றார் தலைவர் தம்பிராசா. சபை சிரித்தது. நானும் கைதட்டினேன்.

எங்கள் பெயர் வெட்டிய கல்லோடு மோட்டர் போனது. சில கோடைகள் கழித்து ஊரிலிருந்து வந்த சின்னத்தங்கம் சங்கத்துக்கு நேரே வந்தார். “தேத்தண்ணி வாயில வைக்கேலாது. உங்கட பேரைப் பாத்துத்தான் சனம் துப்புது.”

அண்ணை ரேப் ரெக்கோடரை மேசையில் வைத்து, ஊருக்கு அனுப்பப் பதிவுப் பொத்தானை அமத்தினார். “பிழை எங்கட. நாங்கள்தான் அனுப்பினனாங்கள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மோட்டரைக் கழட்டிப்போட்டு மாரி வரும்வரை கிணத்தை ஆற விடுங்கோ.” வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதர் ‘நாங்கள்’ என்றபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்தக் கிணறு ஆறவில்லை. அதன் பிறகு, எப்போதோ தூர்ந்துபோன மேட்டுக் கிணற்றின் இடத்தை அண்ணை தேடினார். அதைத் திறந்தால் ஊர் குடிக்கும். ஊரில் அதைக் கண்டவர் எவரும் மிஞ்சவில்லை; இடம் தெரிந்த முதியவர்கள் லண்டன் முழுக்கச் சிதறியிருந்தார்கள். எங்களில் எத்தனை பேரிடம் கார் இருந்தது! ஒருவரும் அவரை ஏற்றிப் போகவில்லை. பஸ் மாறி மாறிப் போனார். சிலர் வீட்டில் அவர் கண்டது செத்தவீட்டைத்தான். கடைசியாக மிஞ்சியவரிடம் போக இருந்த நேரம் அவரே விழுந்து கண்ணை மூடிவிட்டார்.

அன்று அவர் வீட்டில் ரேப் ரெக்கோடரை அண்ணி என் கையில் தந்தார். “உங்களுக்கு எழுத்துத் தேவையில்லை. இதை அமத்தினாக் காணும், தானே பதியும்.”

அதுதான் என்னிடம் இருக்கிறது. நாளைக்குத் தெற்கு லண்டனில் சட்டனுக்குப் போகிறேன். மேட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர், அங்கே மகளோடு இருக்கும் அன்னப்பிள்ளை ஒருவர்தான்.