கீழ் லயத்துக்குத் திரும்பிய கேமரா

கேமரா குலுங்காமல் தாங்குகிற கிம்பலைக் கையில் எடுத்ததும் மோட்டாரைப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேமராவை முதலில் மோட்டார் இல்லாமல் நிற்கவைக்க வேண்டும். பேட்டரியும் கார்டும் உள்ளே இருக்க வேண்டும், லென்ஸ் மூடியைக் கழற்றியிருக்க வேண்டும். தட்டில் வைத்து, மூக்கு கவிழ்ந்தால் பின்னுக்கு இழுக்க வேண்டும், மல்லாந்தால் முன்னுக்குத் தள்ள வேண்டும். அடுத்து இடமும் வலமும். கடைசியாகக் கைப்பிடியையே சாய்த்துப் பிடித்து, கேமரா தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேர் இந்த மூன்றாவதை விட்டுவிடுவார்கள். சமதரையில் அது காட்டிக்கொடுக்காது, சரிவில் காலை வாரிவிடும். எல்லாம் சரியாக அமைந்துவிட்டால் கேமரா எந்தப் பக்கம் பார்க்க விட்டோமோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்கப்புறம்தான் மோட்டார்.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர்தான் பழக்கினார். குன்னூரில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. அவர் கோயம்புத்தூர்க்காரர். ஒவ்வொரு தடவை நான் வேலைக்குக் கிளம்பும்போதும், "மூணாவதையும் பாத்துப் போடு அம்மிணி, மலையில சமதரைக்கு எங்க போறது?" என்பார். பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவளுக்கே மலையைப் பற்றிப் பாடம் எடுக்கிறாரே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். ஆனால் மூன்றாவதையும் பார்த்துவிடுவேன்.

தேயிலைக்கு விலை விழுந்து எஸ்டேட்டுகள் படுத்துக் கிடந்த வருஷங்கள் அவை. அக்கா இருந்த எஸ்டேட்டில் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். கொழுந்து பறிக்க ஆள் இல்லாமல் செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன. அத்தான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனார். அவர் போன பிறகு கீழ் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராக்களில் பாதி காலியாகி, உப்புக்கும் அரிசிக்கும் யானைகள் வந்து கதவை முட்டத் தொடங்கின. மிச்சமிருந்த குடும்பங்களை மேல் லயத்துக்கு மாற்றினார்கள். அக்காவும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். தீபாவளிக்கு வரும்போது புது இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தான் போனில் சொன்னார்.

தீபாவளிக்கு முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டுக் கிடந்தது. உடலை மேலே கொண்டுவரவும் முடியவில்லை, அக்கா கீழே இறங்கவும் முடியவில்லை. அங்கிருந்த சொந்தக்காரர்களே காரியத்தை முடித்துவிட்டார்கள்.

கருமாதிக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்களில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே உட்கார்ந்திருப்போம். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த நேரத்தில் சாத்திய கதவுக்குப் பக்கத்தில் சத்தமாகப் பேச மாட்டேன்.

கூடலூரில் ஒரு கல்யாண வேலையை முடித்துக்கொண்டு, கிம்பல் பையோடு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். படையலுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு இந்தக் காம்பரா தெரியாதுடி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நாளைக்கு இங்க எலையைப் போட்டுட்டு நாம வெளிய உக்காந்திருப்போம். அவரு கீழ் லயத்துல போயி நின்னுக்கிட்டிருப்பாரு. யாரு போயி சொல்றது?"

அதற்கு வழியையும் அவளே யோசித்து வைத்திருந்தாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து இந்த வாசல் வரைக்கும் வழியை நான் படம் எடுக்க வேண்டும். எடுத்ததை இலைக்கு முன்னால் அவருடைய போட்டோவுக்குப் பக்கத்தில் ஓட விட வேண்டும்.

"போன்லயே எடுத்துத் தர்றேன்க்கா. அதுக்கு எதுக்கு இவ்வளவு சாமான்?"

"போன்ல எடுத்தா குலுங்கும். நீதான கல்யாணத்துல மெதக்கிற மாதிரி எடுப்ப? அவருக்கு இப்ப காலு தரையில படாதுல்ல. அப்படி எடு."

அவள் இதை உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். நான் கற்றுக்கொண்ட தொழிலே இதுதானா என்று இருந்தது. அதிராமல், காலடி தெரியாமல், ஆள் இல்லாத மாதிரி நடப்பது.

லயத்துத் தரை எப்போதும் வடிகால் பக்கம் சாய்ந்திருக்கும். வாசல் கல்லில் கிம்பலை நிறுத்தி, அதன் முக்காலியில் ஒரு காலுக்குத் தீப்பெட்டியை முட்டுக் கொடுத்தேன். மூடியைக் கழற்றினேன். முன்னும் பின்னும், இடமும் வலமும் பார்த்தேன். கைப்பிடியைச் சாய்த்து மூன்றாவதையும் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். கேமரா விட்ட இடத்தில் நின்றது.

பஸ் நிற்கும் இடத்துக்குப் போனபோது பிற்பகல்தான், ஆனாலும் மூடுபனி இறங்கிவிட்டது. நான் மட்டும்தான் இருந்தேன். முட்டியை மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி, மெல்ல நடந்தேன். ஃபேக்டரியின் துருப்பிடித்த தகரக் கதவு கடந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் எந்நேரமும் தேயிலை வாசம் அடிக்கும். அன்று ஈர மண் வாசம் மட்டும். என் மூச்சு எனக்கே கேட்டது.

சில்வர் ஓக் மரத்தடியில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் ஏறினால் மேல் லயம். இடது பக்கம் படிகளில் இறங்கினால் கீழ் லயம். நான் வலது பக்கம்தான் திரும்பினேன். கைப்பிடி திரும்புகிற பக்கம் கேமராவும் திரும்பும், அதுதான் அதன் வேலை. அன்று திரும்பவில்லை. மெதுவாக, யாரோ முகவாயைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி, இடது பக்கம் போனது. படிகளுக்குக் கீழே பனிக்குள் வரிசையாகத் தெரிந்த பழைய கதவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பயந்துவிட்டேன். அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. கைப்பிடியை இன்னும் வலது பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, மனமில்லாத மாதிரி அது என்னோடு வந்தது. இன்னொரு தடவை அந்த இடத்துக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. வாசல் வரைக்கும் எடுத்து முடித்தேன்.

வந்ததும் மோட்டாரை அணைத்துவிட்டு மறுபடி சோதித்தேன். எப்படிச் சாய்த்தும் கேமரா நகரவில்லை. அதற்குள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போடு பார்ப்போம் என்றாள். கேமராவின் சின்னத் திரையில் மரத்தடி வந்தது. படம் இடது பக்கம் திரும்பியது. நின்றது.

"பாத்தியா" என்றாள் அக்கா. "அங்கதான் போறாரு."

"குளிருதான்க்கா. மோட்டாரு மக்கர் பண்ணியிருக்கும்."

"பண்ணியிருக்கட்டும்" என்றாள். இன்னொரு தடவை போடச் சொல்லவில்லை. முந்தானையால் திரையைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

மறுநாள் தேங்காய் ரொட்டி, மிளகாய் இடித்த கட்டச்சம்பல், கருவாட்டுக் குழம்பு, பால் விடாத சாயத்தண்ணி எல்லாம் இலைக்கு வந்தன. படத்தை ஓட விட நான் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, விளக்கை ஏற்றிக் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் படி இறங்கினாள். எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பின்னாலேயே போனேன்.

கீழ் லயத்தில் கூரைத் தகரங்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அக்காவின் பழைய காம்பராக் கதவில் ஒரு பலகை உடைந்திருந்தது. அக்கா அந்த ஓட்டையில் வாயை வைத்து, தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி கூப்பிட்டாள்.

"ஏங்க. நாங்க இங்க இல்லங்க. மேல மாத்திட்டாங்க. வாங்க, சோறு ஆறுது."

சற்று நேரம் நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். அத்தான் இருந்தவரைக்கும் அவள் அவருக்குப் பின்னால்தான் நடப்பாள். அன்று முன்னால் நடந்தாள். நடையை மெதுவாக வைத்திருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. படிகளில் ஓரிடத்தில் மட்டும், "பாத்து, பாசியா இருக்கு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

நான் அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் இடம் விட்டு நடந்தேன்.

மேல் லயத்து வாசலுக்கு வந்ததும் அக்கா உள்ளே போகவில்லை. கதவோரமாக ஒதுங்கி வழி விட்டாள். நானும் ஒதுங்கினேன்.