அமாவாசையில் வந்த பெரிய வெள்ளி

எனக்குக் கர்வம் உண்டு. அதற்குத் தாழ்மை என்று ஒரு முக்காடு போட்டு மூடி வைக்க எனக்கு வராது. சபையில் சிலர் அதைப் பாவம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் ஜில்லாவில் தமிழ் வாசிக்கிற கிறிஸ்தவ வீடுகளில் காலை ஜெபத்துக்குப் பிரிக்கிற தின தியானப் புத்தகத்தை ஒரு காலத்தில் நான் எழுதினேன். நாளைக்கு ஒரு பக்கம், வருஷம் முழுவதற்கும். எனக்கு முன்னால் அதை எழுதியவர்கள் எல்லோரும் போதகர்கள், வேதசாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். நான் புத்தூரில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா.

"உனக்கு எழுத எப்போது நேரம் கிடைக்கிறது?" என்று கேட்காதவர்கள் இல்லை. கிடைக்காது, பிடுங்கிக்கொள்ள வேண்டும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து உலை வைப்பேன். தண்ணீர் கொதிக்கிறவரை அந்த நேரம் என்னுடையது. அரைப் பக்கம் வரும். அரிசியைப் போட்டதும் குழந்தைகள் மூன்று பேரும் ஒவ்வொருவராக எழுந்து வந்து நிற்பார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா. அவருடைய சோற்றுத் தூக்கு முதல் வண்டிக்கு முன்னால் தயாராக இருக்க வேண்டும். பிறகு பள்ளிக்கூடம். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தால் மீதி அரைப் பக்கம் எழுதலாம், எந்தப் பிள்ளையின் தாயும் சண்டைக்கு வராமல் இருந்தால். புதன்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கம், வெள்ளிக்கிழமை பாடகர் குழு, ஞாயிறு ஓய்வுநாள் பள்ளி.

இதற்கு நடுவே ஊரார் வேறு. கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா, இறந்த வீட்டுக்கு அறிவிப்பு, பிள்ளைக்கு வேலை கேட்டு விண்ணப்பம், எல்லாம் என்னிடம்தான் வரும். எலும்புக் கட்டுக்கு எங்கள் ஊருக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். வலது கை மூங்கில் சிம்புக்குள் இருக்கிறவர் வீட்டுக்குக் கடிதம் எழுத ஆள் வேண்டாமா? "எழுதற டீச்சரம்மா வூடு எது?" என்று விசாரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆந்திர ராஜ்யம் ஆன பிறகு கல்வி இலாகாவிலிருந்து வருகிற காகிதமெல்லாம் தெலுங்கு. ராத்திரிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் நான் தெலுங்கு கற்று, தலைமையாசிரியைக்குப் பதில் எழுதிக் கொடுத்தேன். இவர்கள் எல்லோரும் சேர்ந்து என் எழுத்தைத் தின்கிறார்கள் என்று வீட்டில் புலம்புவேன். பாத்திரங்களுக்குக் காது இருந்தால் அவை சாட்சி சொல்லும்.

எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்த வருஷம் அது. திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்குப் போனது. சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. சித்தூரில் எங்கள் சபைகளின் புத்தகக் கமிட்டி கூடி, திருத்தணிச் சபைகள் போய்விட்டன, இனிமேல் தமிழ்ப் புத்தகம் யாருக்கு, தெலுங்கில் ஒன்று போட்டால் போதாதா என்று பேசியது. கடைசியில், அடுத்த வருஷத்துக்கு மட்டும் தமிழில் போடுவோம், ஏப்ரல் பாதி வரை அச்சான பக்கங்களை அக்டோபர் கூட்டத்தில் பார்த்துவிட்டு மேலே முடிவு செய்வோம் என்றார்கள். சாகப்போகிற புத்தகத்துக்கு எந்தப் போதகரும் நேரம் ஒதுக்கவில்லை. அதனால் என்னிடம் வந்தது.

கமிட்டியின் செயலாளரான போதகர், "நல்லா வந்தா பாக்கலாம், டீச்சர்" என்றார். நல்லா வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். தமிழ்ப் புத்தகம் என் கையில் செத்தது என்று பேர் வரும்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை எழுதினேன். ஆனிப் புழுக்கத்தில் கிறிஸ்துமஸ் பனியையும், ஆடிக்காற்றில் பெரிய வெள்ளியையும் எழுதினேன். லெந்து என்கிற தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் எந்த நாள் என்று பார்க்க வேண்டி வந்தது. புது வருஷத்துச் சபைக் காலண்டர் டிசம்பரில்தான் வரும். செயலாளர் போதகரைக் கேட்கலாம். கேட்டால், "இதுகூடத் தெரியாமலா எழுத வந்தீங்க?" என்பார். அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. பழைய புத்தகத்தைப் பிரித்தேன். போன தடவை ஒன்பதாவது புதன்கிழமை சாம்பல் புதன். சரி, இந்தத் தடவையும் ஒன்பதாவது புதன். அங்கிருந்து லெந்து நாட்களை எண்ணி, ஏப்ரல் இரண்டாம் வெள்ளியில், ஆண்டவர் சிலுவையில் மரித்த பெரிய வெள்ளியை வைத்தேன். எண்ணி முடித்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

புத்தகம் திருப்பதியில் அச்சானது. சனிக்கிழமைகளில் ரயிலேறி, ரேணிகுண்டாவில் வண்டி மாறி, மொட்டைத் தலைகளுக்கும் கோவிந்தா கோஷத்துக்கும் நடுவே இடம் பிடித்துப் போய் புரூப் பார்ப்பேன். அந்த அச்சகத்தின் கம்பாசிட்டர் கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்த வைஷ்ணவர். நெற்றியில் திருமண்ணோடு நின்று எங்கள் வேத வசனங்களை ஒவ்வோர் ஈய எழுத்தாகக் கோப்பார். பல வருஷமாக அந்தப் புத்தகம் அவர் கையில்தான். ஓர் ஒற்றுகூடத் தப்பாது.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நான் போனபோது ஏப்ரல் வரை பக்கங்கள் கோத்து, இன்னும் அச்சேறாமல் கட்டையில் இருந்தன. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"டீச்சரம்மா, தப்பா நினைச்சுக்கப்படாது. உங்க பெரிய வெள்ளி வருஷா வருஷம் பௌர்ணமியை ஒட்டின்னா வரும்? அடியேன் கோக்கறச்சே பார்த்துண்டே வரேன். நீங்க போட்டிருக்கறது அமாவாசைக்குன்னா போறது. பங்குனிப் பௌர்ணமி அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஆயிடறதே."

பக்கத்தில் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களைப் பிரித்து வைத்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

"எங்க பண்டிகைக்கு உங்க பஞ்சாங்கம் எதுக்குங்க? நீங்க எழுத்தைப் பாருங்க. நாளை நான் பார்த்துக்கறேன்."

அவர் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, "சரிம்மா" என்று வேலையைத் தொடர்ந்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ரேணிகுண்டாவில் புத்தூர் வண்டிக்காகக் காத்திருந்தேன். மறுநாள் ஓய்வுநாள் பள்ளியில் யூதருடைய பஸ்கா பண்டிகைப் பாடம். மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதலாம் மாதம் பதினாலாம் தேதி சாயங்காலம் ஆட்டுக்குட்டியை அடிக்க வேண்டும். யூதருடைய மாதம் அமாவாசை கழிந்து பிறை தெரியும்போது பிறக்கும். அப்படியானால் பதினாலாம் நாள்? ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடுபோல் ஒப்பிக்க வைத்த பாடம் இது. பஸ்காவை ஒட்டித்தானே ஆண்டவர் சிலுவையில் மரித்தார். பௌர்ணமியை ஒட்டித்தான் பெரிய வெள்ளி. நெற்றியில் திருமண் இட்டவருக்குத் தெரிந்தது, வேதப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா, வண்டியைக் கோட்டை வுட்டுட்டு வந்தவ மாதிரி கீறே?"

சொன்னேன். அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பள்ளிக்கூட மேலாளரான வெள்ளைக்கார அம்மாளிடம் ஆங்கில ஜெபப் புத்தகத்தை வாங்கி அதிலிருந்த நாள் பட்டியலைப் பார்த்தேன். மார்ச் கடைசி வெள்ளி. சரியாக இரண்டு வாரம் பிசகியிருந்தேன். கமிட்டி கூடுவதற்குப் பதினாறு நாள் இருந்தது.

பக்கங்களை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பீர்கள். அங்கேதான் என் கர்வம் என்னையே கடித்தது. எனக்கு முன்னால் எழுதியவர்கள் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று எனக்கு ஒரு இளக்காரம். நான் எங்கள் மண்ணையும் வெயிலையும் பார்த்து எழுதினேன். லெந்து பக்கங்களில் கிணறு வற்றியிருந்தது, மாங்காய் முற்றியிருந்தது. இப்போது அவற்றை மாசிப் பனியில் வாசிப்பார்கள். மாசிக்கென்று எழுதிய பதினாலு பக்கங்களைக் கொண்டுபோய்ச் பங்குனி வெயிலில் வைக்க முடியாது. லெந்து பக்கங்களைத் திருத்த வேண்டும், ஈஸ்டருக்குப் பின்னால் பதினாலு பக்கம் புதிதாக எழுத வேண்டும்.

தினமும் முதல் வண்டியில் திருப்பதிக்கு மல்லிகை கொண்டுபோகிற பூக்காரம்மாவிடம் என் வீட்டுக்காரர் பேசினார். அந்த அம்மாள் என் காகிதங்களைக் கூடையில் வைத்து அச்சகத்தில் கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை முதல் கட்டோடு ஒரு சீட்டும் வைத்தேன். "நீங்கள் சொன்னதுதான் சரி. நான் பேசினது தவறு. மன்னிக்க வேண்டும்." அந்த மூன்று வரி எழுதப் பட்ட பாடு எந்தத் தியானத்துக்கும் படவில்லை. சாயங்காலம் பதில் வந்தது. "கோத்ததைக் கலைச்சாச்சு. பக்கம் அனுப்புங்கோ. காகிதம் மணக்கறது."

யோசித்து அலங்காரமாக எழுத நேரமில்லை. ஊரார் வருவது நிற்கவுமில்லை. அதனால் அன்றன்றைக்கு எது கைக்கு வந்ததோ அதையே எழுதினேன். கை உடைந்தவர் மனைவிக்கு எழுதச் சொன்ன கடிதத்தில், நான் எழுதுகிறேன் என்ற வெட்கத்தில் அவர் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை ஒரு பக்கமானது. தெலுங்குக் காகிதத்தைத் தமிழில் எனக்கு விளக்கிய பியூன் ஒரு பக்கமானார். சத்தியவேட்டிலிருந்து காலுக்குக் கட்டுப் போட வந்திருந்த ஒரு விவசாயி, "நாங்க எங்கயும் போவல டீச்சரம்மா, ராஜ்யந்தான் எங்களைத் தாண்டிப் போச்சி" என்றார். அது ஒரு பக்கமானது. இவர்கள் என் எழுத்தைத் தின்கிறார்கள் என்று இத்தனை நாள் திட்டினேனே, அவர்கள்தான் எனக்குப் படியளந்துகொண்டிருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் காலை கடைசிப் பக்கம் கூடையேறியது.

கூட்டத்தன்று சித்தூருக்குப் பஸ்ஸில் போனேன். ஒன்பது ஆண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து என் பக்கங்களைப் புரட்டினார்கள். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "லெந்து நல்லா வந்திருக்கு. நாள் எல்லாம் சரியா இருக்குதா?" என்றார்.

இருக்கிறது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் நான் செய்த தப்பை ஒருவர் குறை சொல்லாமல் தன் கையால் கலைத்துக் கோத்திருக்கிறார். அதை நான் விழுங்கிவிட்டால் பிறகு எந்த முகத்தோடு தியானம் எழுதுவது? எல்லாவற்றையும் சொன்னேன், பஞ்சாங்கத்தையும் சேர்த்து.

ஓரத்தில் இருந்த ஒருவர், "இதுக்குத்தான் படிச்ச போதகருங்க எழுதணும்னு சொன்னேன்" என்றார்.

அப்போது சத்தியவேட்டுச் சபைப் பெரியவர் ஒரு பக்கத்தைக் கையில் எடுத்தார். கமிட்டிக்கு அவர் புதியவர், எல்லை மாறியதால் வந்தவர். அந்த விவசாயியைப் பற்றிய பக்கத்தை உரக்க வாசித்தார். வாசித்துவிட்டுப் பக்கத்தை மேஜைமேல் வைத்தார்.

"போனவங்களைப் பத்தியே பேசிக்கினு கீறீங்க. வந்தவங்க நாங்க கீறோமே. எங்க சபையில தெலுங்குப் புஸ்தகத்தைக் குடுத்தா யாருங்க படிப்பா? இந்தம்மா எழுதட்டும்."

கை தூக்கச் சொன்னார்கள். ஆறு கைகள் எழுந்தன. செயலாளரின் கை ஆறாவது. "அடுத்த புஸ்தகமும் நீங்களே எழுதுங்க. நாளை மட்டும் முதல்லயே கேட்டுக்குங்க, டீச்சர். கேட்டா நான் கடிச்சிட மாட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அங்கிருந்து நேராகத் திருப்பதி பஸ் ஏறினேன். அச்சகத்தில் கம்பாசிட்டர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மே மாதத்தைக் கோத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அலமாரியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அடுத்த புத்தகம் வரவேண்டிய வருஷத்துப் பங்குனிப் பௌர்ணமியும் சித்திரைப் பௌர்ணமியும் தேதியோடு எழுதியிருந்தன. அந்த வருஷத்துக்குப் பஞ்சாங்கம் இன்னும் அச்சாகவே இல்லை. கணிக்கிறவர் வீட்டுக்கே போய்க் கேட்டு எழுதி வாங்கி வந்திருக்கிறார்.

"ரெண்டுல எது உங்களுதுன்னு அடியேனுக்குத் தெரியாது. நீங்க பார்த்துக்கோங்கோ" என்றார்.

கமிட்டி என்ன சொன்னது என்று அவர் கேட்கவே இல்லை.