செல்வியக்காவுக்குப் பின்னால் வந்தது

செம்பூரில் வளர்ந்த நான், தாணே காட்டோரம் சிறுத்தைகள் எந்தெந்த வழியில் நடமாடுகின்றன என்று ஆராயும் குழுவில் வேலை பார்க்கிறேன். மரங்களில் கட்டிய கேமராக்கள், எது கடந்தாலும் தாமாகவே படமெடுக்கும். மனிதர்கள் விழுந்த படங்களைப் பார்க்காமல் ஒதுக்கிவிடுவேன்.

எங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் செல்வியக்கா, தாராவியிலிருந்து முதல் ரயிலில் வந்து எங்கள் கேமராக்கள் இருக்கும் காட்டுப்பாதை வழியாகக் குறுக்கே நடப்பார். ஒருநாள் சொன்னார்: "தம்பி, பின்னால யாரோ வார மாதிரியே இருக்கு. திரும்பிப் பாத்தா ஒருத்தரையும் காணல."

"சும்மா டென்ஷன் ஆகாதீங்கக்கா" என்று சிரித்துவிட்டேன்.

அடுத்த வாரம், எதையும் ஒதுக்காமல் எல்லாப் படங்களையும் நேர வரிசையில் தற்செயலாகத் திறந்தேன். காலை ஆறு பத்துக்குச் செல்வியக்கா. ஆறு பதினொன்றுக்குச் சிறுத்தை. மறுநாளும் அப்படியே. மொத்தம் ஒன்பது நாள். ஒரு படத்தில் அக்கா நின்று திரும்பிப் பார்க்கிறார். பாதையோரப் புதரில் இரண்டு கண்கள் மின்னுகின்றன.

படங்களை அவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வீட்ல எனக்குக் கிறுக்குன்னுட்டாவ தம்பி. அப்போ நான் சொன்னது நெசந்தான?" என்று அழுதார்.

அன்றிலிருந்து அவர் மெயின் ரோடு வழியாக வந்தார். அதற்குப் பிறகும் மூன்று நாள், அதே நேரத்தில், அந்தச் சிறுத்தை பாதையில் உட்கார்ந்து அவர் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் படங்களை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது என்னுடைய அந்தச் சிரிப்புதான்.