ரோட்டோரத்தில் பிரஷர் பார்த்த மொக்கம்மாள்

மொக்கம்மாள் அக்காவுக்கு வக்கீல் நோட்டீஸ் திராட்சைத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது. பந்தலுக்கடியில் இரண்டு கைகளையும் தூக்கிக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், தபால்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். உறையைப் பிரிக்காமல், பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த என்னிடம் நீட்டினார்.

"நீ வாசி. நல்ல சேதியா இருந்தா சத்தமா வாசி."

நான் சத்தமில்லாமல் வாசித்தேன். என் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுபோனதால் சில வரிகளை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. "எமது கட்சிக்காரர் திரு. அழகுமலை அவர்களுக்கு இல்லாத நோயை இருப்பதாகக் கூறி, தாய்மாமன் கடமையைச் செய்யவிடாமல் தடுத்து, ஊரார் மத்தியில் தீராத அவமானத்துக்கு உள்ளாக்கிய தாங்கள்" என்று போனது அந்தக் கடிதம். பதினைந்து நாளுக்குள் மன்னிப்புக் கேட்டு எழுதி அதைக் காளியம்மன் கோயில் வாசலில் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டில் பார்த்துக்கொள்வோம் என்று முடிந்தது.

அக்கா கத்தரியைப் பந்தல் கம்பியில் மாட்டினார். "நான் என்னடி, கூலி வாங்கிட்டா பாத்தேன்? சும்மாதானே பாத்தேன்" என்றார்.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. எங்கள் ஊர் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே இருக்கிறது. அவர் புருஷனுக்குக் கேரளாவில் ஏலத்தோட்டத்தில் வேலை. மாதம் ஒரு தடவை வந்து, தூங்கிவிட்டுப் போவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு அறக்கட்டளைக்காரர்கள் வந்து ஊருக்கு ஒரு சுகாதாரத் தொண்டர் வேண்டும் என்றார்கள். சம்பளம் உண்டா என்று கேட்டவர்கள் எல்லாம் கலைந்துபோன பிறகு மிச்சம் நின்றது அக்கா மட்டும்தான். அவரும் கேட்கத்தான் நின்றார். கேட்பதற்குள் பேரை எழுதிவிட்டார்கள்.

பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்றும், சான்றிதழ் ஒன்றும் தந்தார்கள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா வீடு வீடாகப் போவார். நம்பரை நோட்டில் எழுத என்னையும் கூட்டிக்கொள்வார். எந்த வீட்டிலும் பால் விடாத கட்டஞ்சாயா தவிர எதுவும் குடிக்க மாட்டார். வைத்தியத்தில் பாதி வசவுதான்.

"நூத்தி அறுபதா? ராத்திரி கருவாடா?"

"இல்லத்தா, ரசந்தான்."

"ரசத்துக்கு இப்பிடி வாடை வராது. தெருமுக்குலயே எனக்கு வந்துச்சு."

அப்படி வைதே மூன்று பேரை மாத்திரை சாப்பிட வைத்திருக்கிறார். அதில் ஒருவரை டாக்டர், இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் ஒரு பக்கம் இழுத்திருக்கும் என்று சொன்னாராம்.

அழகுமலை அண்ணன் விஷயம் நடந்தது ஐப்பசியில். அவர் திராட்சைக்கு மருந்தடிக்கும் மெஷின் வைத்திருப்பவர். அவருடைய தங்கை மகள் அபிதாவுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன்கள் இரண்டு பேர்: மூத்தவர் அழகுமலை, இளையவர் விஜய்பாண்டி. ஒரு போர்வெல் தண்ணீருக்காக இருவருக்கும் நாலு வருடமாகப் பேச்சில்லை. ஆகவே யார் மடி என்பது பல வீடுகளில் பேசப்பட்ட விஷயம். கடைசியில் மூத்தவர் மடி என்று தங்கச்சி முடிவு செய்தார்.

அண்ணன் முழுக்கைப் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு, கொட்டுமேளத்தோடு, சீர்த்தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பதினொரு மணி வெயிலில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தார். பந்தலில் அக்கா விருந்தாளிகளுக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தட்டை இறக்கிவிட்டு அதே கையை நீட்டினார்.

"எனக்கும் பாரு மொக்கம்மா. கல்லு மாதிரி இருக்கும்."

நூற்றுத் தொண்ணூற்றுநாலு காட்டியது. கீழ் நம்பர் நூற்றுப்பன்னிரண்டு. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எம்புட்டு?" என்றார். "அண்ணே, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார் அக்கா. அண்ணன் பெண்டாட்டி கருத்தம்மாள் அங்கேயே அழ ஆரம்பித்தார். கார் வந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயரெல்லாம் ஒட்டிப் பார்த்து, சாயங்காலம், ஒன்றுமில்லை, நூற்றுமுப்பதுதான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பி வருவதற்குள் விஜய்பாண்டி மடியில் காது குத்தி, போட்டோ எடுத்து, அது எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது. "பெரிய மாமா டைம்பீஸ் அளவு மெஷினைப் பாத்து ஓடிட்டாரு" என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். நோட்டீஸ் வந்தது அதனால்தான்.

அக்கா முதலில் அறக்கட்டளைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "நீங்க தொண்டர்மா. தொண்டருக்கு வேலை ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லாதவங்களுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்? ஆனா உங்க சேவையை நாங்க ரொம்ப மதிக்கிறோம்."

"மதிக்கிறாகளாம்" என்று அக்கா போனை என்னிடம் கொடுத்தார்.

அடுத்து உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் பெனிட்டா வக்கீலிடம் போனோம். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டே நோட்டீஸை வாசித்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை.

"பயப்படாதீகம்மா. நோட்டீஸ் யாரும் யாருக்கும் அனுப்பலாம். நீங்க நல்லெண்ணத்துலதானே பாத்தீக?"

"என் எண்ணத்துக்கு என்ன குறை?"

"எண்ணம் மட்டும் பத்தாதும்மா. கவனமாச் செஞ்சாத்தான் சட்டம் அதை நல்லெண்ணம்னு ஒத்துக்கும். அவரை அஞ்சு நிமிஷம் உக்கார வச்சீகளா? மறுபடி ஒரு தடவ பாத்தீகளா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தட்டை இறக்கிய கையில், பட்டுச்சட்டைக்கு மேலேயே மெஷின் பட்டையைச் சுற்றியது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அப்படிச் செய்யக்கூடாது என்று பயிற்சியில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

"அப்ப என்னைய மாதிரி சும்மா செய்றவுகளுக்குச் சட்டத்துல ஒண்ணுமே இல்லையா?" என்றார் அக்கா.

"ரோட்டுல விபத்துல அடிபட்டுக் கிடக்கிறவுகளுக்கு நல்ல மனசோட உதவி செஞ்சா, யாரும் கேஸுன்னு இழுக்க முடியாது. பேருகூடச் சொல்ல வேண்டியதில்ல. மோட்டார் வாகனச் சட்டத்துலயே அது தனியா இருக்கு. உங்க விசயம் அது இல்ல, ஆனா..."

அதற்குப் பிறகு அக்கா கேட்கவில்லை. முகம் தெளிந்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் என் தொடையைத் தட்டிச் சொன்னார்: "ரோட்டுல பாத்தா கேஸ் இல்ல. வீட்டுல பாத்தாத்தான் வினை. கேட்டியாடி?"

"விபத்துன்னு சொன்னாகளேக்கா."

"பிரஷர் விபத்து இல்லாம என்ன?"

நான் ஒரு தடவைக்கு மேல் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில், புளியமரத்தடியில் நின்றார். பிரஷர் பார்க்க வேண்டியவர்கள் நாற்காலியோடு ரோட்டுக்கு வர வேண்டும் என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. குமுளி ரோட்டோரமாக இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக நின்றன. கூட்டத்தைப் பார்த்துக் கம்பம் பஸ் எல்லாம் நின்றது. ஏறுகிறீர்களா இல்லையா என்று கண்டக்டர்கள் கேட்டு, வைதுவிட்டுப் போனார்கள். முழங்கால் வலிக்காரர் ஒருவர், "பிரஷர் பாக்க நடந்தே எனக்குக் காலு போயிரும்போல" என்றார்.

யாருக்கும் நூற்றைம்பதுக்குக் குறையவில்லை. அக்காவுக்கு விளங்கவில்லை. நான் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, பட்டையில் காற்று ஏறும்போதெல்லாம் ஏதாவது ஒரு லாரி ஹாரன் அடிப்பதைச் சொன்னேன். லாரி வராத நேரமாகப் பார்ப்போம் என்றார் அக்கா. கார்த்திகை மாதத்தில் குமுளி ரோட்டில் அப்படி ஒரு நேரம் இல்லை.

இரண்டாவது வாரம் ஆந்திராவிலிருந்து சபரிமலைக்குப் போகும் வேன் ஒன்று நின்றது. பன்னிரண்டு சாமிகள் இறங்கினார்கள். அவர்கள் பேசியது எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் பேசியது அவர்களுக்கும் புரியவில்லை. வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். அக்கா பன்னிரண்டு பேருக்கும் பார்த்தார். கடைசிச் சாமி மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அவர்கள் போனதும் போலீஸ் ஏட்டு பைக்கில் வந்தார்.

"இங்கன ஆக்சிடென்ட்டுன்னு போன் வந்துச்சே. எங்கன?"

"இன்னும் ஆகலை ஏட்டையா" என்றார் அக்கா.

"ஆகும்னு உக்காந்திருக்கீகளா?"

அக்கா அவருக்குச் சட்டத்தை விளக்கினார். ஏட்டு பொறுமையாகக் கேட்டார். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். "சரி, நானும் ரோட்டுலதானே இருக்கேன். பாரு" என்றார்.

அவர் கையில் பட்டையைச் சுற்றும்போதுதான் கருத்தம்மாள் ஓடிவந்தார்.

"மொக்கம்மா, அவருக்குத் தலை கிறுகிறுங்குதாம். எந்திரிக்க முடியலைங்கிறாரு. வீட்டுக்கு வா."

அக்கா எழுந்தார். ஆனால் நகரவில்லை. "ரோட்டுக்குக் கூட்டியாங்க மதினி" என்றார்.

"எந்திரிக்க முடியலைங்கிறேன்."

"கட்டிலோட தூக்கியாங்க. நான் பாத்துர்றேன்."

"நோட்டீஸ் விட்டது அவரு. நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

அக்கா ஏட்டின் கையில் சுற்றிய பட்டையை அவிழ்த்தார். மெஷினை என்னிடம் கொடுத்தார். அதற்குள் பஸ் ஸ்டாப்பில் நின்ற நாலு பேர் கட்டிலைத் தூக்கிவர ஓடினார்கள். அதில் விஜய்பாண்டியும் ஒருவர். நாங்கள் அண்ணன் வீட்டுத் தெருவுக்குப் போனபோது இரும்புக் கட்டிலைத் தூக்கிவிட்டார்கள். அண்ணன் கண்ணை மூடியபடி, "கால் பக்கம் பிடிச்சிருக்கிறவனை மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றார். கால் பக்கம் பிடித்திருந்தது தம்பி. "கட்டில்ல படுத்திருக்கிறவுகளைப் பேசாம வரச் சொல்லுங்க" என்றார் தம்பி.

கட்டில் நிலைவாசலில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அண்ணனின் கால் தெருவில் இருந்தது. தலை வீட்டுக்குள் இருந்தது.

"தெருவும் ரோடுதானே, பாத்துற வேண்டியதுதான்" என்றார் ஒருவர்.

"தெருவுக்கு வந்தது காலுதான். பிரஷரைக் கையிலதானே பாக்கணும்" என்றார் இன்னொருவர்.

அக்கா ஒரு நிமிடம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலையை இழுத்துச் செருகி, கட்டிலுக்கு அடியில் குனிந்து, தவழ்ந்து வீட்டுக்குள் போனார். மெஷினைத் தூக்கிக்கொண்டு நானும் தவழ்ந்தேன்.

"சட்டையைக் கழட்டுங்கண்ணே. அஞ்சு நிமிஷம் யாரும் பேசப்படாது."

ஐந்து நிமிடம் அந்த வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. நூற்று எண்பத்தெட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார். நூற்று எண்பத்தாறு.

"அந்த மெஷினு பொய் சொல்லும்" என்றார் அண்ணன்.

"சொல்லட்டும். ஆஸ்பத்திரில போய்க் கேட்டுக்குவோம். இந்தத் தடவ நானும் வர்றேன்."

108-க்குப் போன் போட்டோம். பின்வாசல் ஒன்று இருப்பது அப்போதுதான் கருத்தம்மாளுக்கு நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் அண்ணன் மாத்திரைச் சீட்டோடு ஊர் திரும்பினார். பஸ் ஸ்டாப்பிலிருந்தே அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். தம்பி வீட்டு வாசலில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நின்றார். "எனக்கு நெசமாவே பிரஷர் இருக்குப்பா. பெரிய டாக்டரே சொல்லிட்டாக. அன்னைக்கே இருந்திருக்கு. நான் என்ன, பயந்தா போனேன்?" நோய் வந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்கு வந்தார்.

"நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கிறேன். காதுகுத்து அன்னைக்கு மெஷின் காட்டினது சரின்னு எழுதிக் குடு. கோயில் வாசல்ல ஒட்டணும்."

அக்கா யோசித்தார். "சரின்னு எப்படிண்ணே எழுத? தட்டைத் தூக்கிட்டு வந்த கையோட பாத்தேன். உக்கார வைக்கலை. சட்டையைக்கூடக் கழட்டச் சொல்லலை. தப்பாவும் இருந்திருக்கலாம்."

"ஏத்தா, கேஸே வேணாங்கிறேன், நீ வம்படியா தப்புங்கிறியே."

"மெஷின் காட்டின நம்பரை எழுதுறேன். கவனமாப் பாக்கலைன்னும் எழுதுறேன். ரெண்டையுந்தான் எழுதுவேன்."

நான்தான் எழுதினேன். மேலே தேதி, நம்பர், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன விவரம். அதற்குக் கீழே, ஐந்து நிமிடம் உட்காரவைக்காமல் பார்த்தது தன் தவறு என்று அக்கா சொன்னது. எல்லாவற்றுக்கும் கீழே, தனக்கு இனி எந்தக் குறையும் இல்லை, நோட்டீஸை வாபஸ் பெறுகிறேன் என்று அண்ணனின் கையெழுத்து. அண்ணன் முழுவதையும் வாசித்தார். காகிதத்தை நடுவில் மடித்து, நகத்தால் நீவி, இரண்டாகக் கிழித்தார். மேல்பாதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கீழ்ப்பாதியை, "இது உனக்கு" என்று அக்காவிடம் கொடுத்தார். அன்றே மேல்பாதி காளியம்மன் கோயில் வாசலில் ஒட்டப்பட்டது.

கீழ்ப்பாதியைப் பெனிட்டா வக்கீலிடம் கொண்டுபோனோம். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு வாபஸ் வாங்கினதும், நீங்க தப்புன்னு ஒத்துக்கிட்டதும் ஒரே துண்டுல இருக்கும்மா."

"அதனால?"

"ஒண்ணைக் காட்டினா இன்னொண்ணையும் சேத்துத்தான் காட்டணும். பத்திரமா வைங்க. யாருக்கும் காட்டாதீக. அறக்கட்டளைகிட்ட, பொறுப்பு எங்களதுன்னு எழுதி வாங்குங்க. ரோட்டுல நிக்காதீக."

அறக்கட்டளைக்கு நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அக்கா மறுபடி வீடு வீடாகப் போகிறார். ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். எங்கள் ஊரில் அது மாத்திரையை விடக் கஷ்டம். இரண்டு மணி நேரத்தில் முடிந்த வேலை இப்போது விளக்கு வைக்கும் வரை இழுக்கிறது. போன வாரம் அழகுமலை அண்ணன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நிமிஷம் ஆச்சு. போதும், பாரு" என்றார்.

"பேசிட்டீக. மறுபடி முதல்லருந்து" என்றார் அக்கா.