பதின்மூன்று மாதங்கள் உள்ள நாடு

மிளகாய் வற்றல் வறுபடும் நெடியில் எங்கள் வண்ணார்பேட்டை வீடே தும்மிக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் அடுப்படியை விட்டு நகராமல், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், "கூழ்வத்தல்" என்று ஓர் ஆண்டுக்கானதை அப்பாவின் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இயற்பியல் கற்பித்த அப்பாவுக்கு எத்தியோப்பியாவின் வடக்கே, மேக்கெலே என்ற ஊரில் ஒரு வருட வேலை கிடைத்திருந்தது. அந்த நாடு எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே என்னவெல்லாம் இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"மழையே பெய்யாத ஊருன்னு சொல்லுதாவளே சார்வாள், குடிக்கத் தண்ணியாது கெடைக்குமா?" என்று பலசரக்குக்கடை அண்ணாச்சி கேட்டார். "அங்கன கறியத் தவிர ஒண்ணுங் கெடையாதாம். நம்ம சைவப் புள்ள பட்டினி கெடந்தே சாவப் போறான்" என்று அத்தை அழுதாள். அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே ரயிலேறினார்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. அப்பா போன மறுவாரம் பள்ளி நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டியபோது, விலா எலும்பெல்லாம் தெரிய, கண்ணில் ஈ மொய்க்க உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையின் படத்தையும் கீழே எத்தியோப்பியா என்ற பெயரையும் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அதைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, காலியான பவுடர் டப்பா ஒன்றில் ஒளித்துவைத்தேன். அன்றிலிருந்து சாயங்காலம் தின்னத் தரும் முறுக்கிலும் சீடையிலும் பாதி அந்த டப்பாவுக்குள் போயிற்று. நிறைந்ததும் அப்பாவுக்கு அனுப்புவதாகத் திட்டம். எறும்புகள் என்னை முந்திக்கொண்டன.

ஞாயிறு மாலைகளில் அப்பா தொலைபேசியில் பேசுவார். நான் கேட்டது எப்போதும் ஒன்றே: "சாப்பிட்டியளா?" மழை கொட்டுகிறது, காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகமுடியவில்லை, புளிக்கவைத்த மாவில் ஆப்பம்போலக் கண்கண்ணாக ஒரு பெரிய தோசை வார்க்கிறார்கள், இவர்களுக்கென்று சொந்த எழுத்து உண்டு, இத்தாலிக்காரன் ஐந்து வருஷம் வந்து உட்கார்ந்ததைத் தவிர வெள்ளைக்காரன் ஆட்சி என்பதே கிடையாது என்றெல்லாம் சொன்னார். அம்மாவைத் தேற்றுவதற்காக அவிழ்த்துவிடும் கதைகள் என்றே நான் எண்ணினேன். நான் நம்பியது ஒன்றை மட்டும்தான்: அங்கே வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். அப்படியென்றால் அப்பா வர இன்னும் ஒரு மாதம் கூடுதலாகுமே என்று பாயில் குப்புறப் படுத்து அழுதேன். அந்தப் பதின்மூன்றாம் மாதத்துக்கு ஐந்தாறு நாள்தான் ஆயுள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அவர் திரும்பிய அன்று ஜங்ஷனில் அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். எலும்பும் தோலுமாய் ஒருவர் இறங்குவார் என்று கண்ணை இறுக மூடியிருந்தேன். "ஏட்டி, கண்ணத் தொற" என்ற குரல் கேட்டுத் திறந்தால், சட்டைப் பொத்தான் தெறிக்கும் தொந்தியோடு அப்பா!

வீட்டுக்கு வந்ததும் ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினார். உள்ளே வறுத்த வாற்கோதுமை. அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் மகள் லெம்லெம் கொடுத்தனுப்பியது. அவளுக்கும் என் வயதுதான். அந்த வீட்டில் புதனும் வெள்ளியும் விரதம், கறி கிடையாது. எல்லா நாளும் கறி தொடாத அப்பாவைப் பார்த்து, இவ்வளவு விரதம் பிடிக்க என்ன பாவம் செய்தாரோ என்று வீட்டுக்காரம்மா கவலைப்பட்டிருக்கிறாள். மகள் வேறு கணக்குப் போட்டிருக்கிறாள்.

"நம்ம ஊர்ப் பிள்ளைக தெருவுல பிச்சை எடுக்கத அவ டிவில பாத்திருக்கா. கறி வாங்க வக்கில்லாம நான் திங்கலைன்னு நெனச்சு, ஒனக்குப் பசிக்குமேன்னு தன் பங்குல கொஞ்சங் கொஞ்சமா எடுத்து வச்சிருக்கா" என்றார் அப்பா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "நாம என்ன சோத்துக்கு வழியில்லாதவங்களா?" என்று பையைத் தள்ளிவிட்டேன். அப்புறம்தான் பவுடர் டப்பா நினைவுக்கு வந்தது. அதை எடுத்துவந்து, படத்தோடும் எறும்போடும் அப்பாவின் முன்னால் வைத்தேன். அவர் அந்தத் துணிப்பையை மறுபடி என் பக்கம் நகர்த்தினார். நான் வெட்கத்தோடு வாற்கோதுமையை ஒவ்வொன்றாகக் கொறித்தேன்.

பிறகு கடிதங்கள், வளர்ந்தபின் கைபேசி என்று நானும் லெம்லெமும் பேசிக்கொண்டோம். அந்தப் படத்தின் பஞ்சமும் உண்மைதான், ஆனால் அது நாங்கள் பிறப்பதற்கு முன்னால் என்று அவள்தான் சொன்னாள். சில ஆண்டுகளுக்கு முன் அவள் ஊர்ப்பக்கம் போர் மூண்டது. தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. சோறு கிடைக்காமல் மக்கள் சாவதாகச் செய்தியில் சொன்னார்கள். "அந்த ஊர்ல எப்பவுமே அப்படித்தானே" என்றார் அலுவலகத்தில் ஒருவர்; அவரோடு நான் இன்றுவரை பேசுவதில்லை.

போர் ஓய்ந்து, இணைப்பும் வந்துவிட்டது என்கிறார்கள். வண்ணார்பேட்டை வீடு கைமாறிவிட்டது, பலசரக்குக்கடை இருந்த இடத்தில் கைபேசிக் கடை. தள்ளாமை வந்துவிட்ட அப்பா ஞாயிறு மாலையானால் மட்டும் தவறாமல் கேட்கிறார்: "ஏட்டி, லெம்லெமுக்குப் போன் போச்சா?"

போகவில்லை. அந்த எண்ணை இன்றும் அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் எடுத்தால் கேட்க என்னிடம் இருப்பது அதே ஒரு கேள்விதான்: சாப்பிட்டாயா?