டபுளா அடிக்கும் பம்ப்

இண்டைக்குக் காலமை கொட்டாஞ்சேனை கராஜ் ஒண்டில ரத்தம் பார்த்தன்.

என்ட வானுக்குப் பெரிய ஒயில் பம்ப் பூட்டத்தான் போனனான். "பழசை விட இது டபுளா அடிக்கும், எஞ்சினுக்கு அவ்வளவும் நல்லது" எண்டு மெக்கானிக் பாஸ் நேற்றே சத்தியம் பண்ணினவர்.

நான் கதைச்சுக்கொண்டு நிக்க, மட்டக்குளிப் படகுக்காரர் ஒருத்தர் உள்ள பாய்ஞ்சார். கையில அதே மாதிரிப் பம்ப். அந்தப் பம்பாலயே பாஸுக்கு வாயில ஒண்டு, நெத்தியில ஒண்டு. பல்லு ரெண்டு தரையில.

"தேஞ்ச பெயாரிங்கை மாத்தாமல் இதைப் பூட்டினியேடா! இருந்த ஒயிலையெல்லாம் இது எஞ்சின்ட மேல் பக்கத்துக்கு இழுத்துப்போட்டுது, கீழ ஒயில் தட்டில சொட்டு இல்லை. நடுக்கடலில எஞ்சின் இறுகிட்டுது. நானும் தம்பியும் ரெண்டு நாள் குடிக்கத் தண்ணியில்லாமல் மிதந்தம்!"

மூண்டாவது அடி விழ முதல் நாலு பேர் சேர்ந்து அவரைப் பிடிச்சம். என்ட சேட்டெல்லாம் ரத்தம்.

பாஸ் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கேக்கிறார்: "அய்யா, உங்கட வானை உள்ள எடுப்பமா?"

பிடிச்ச கையை விட்டிருக்கலாம் எண்டு அப்பதான் தோணிச்சு.

ஆனா டபுளா அடிக்கும் எண்டு அவர் சொன்னது பொய்யில்லை. வேற யாருக்கும் பூட்ட வேணுமா?